ஈஸ்வரனின் இடது கை

பெஞ்சில் படுத்து நெஞ்சுக்கு மேலே தூக்குகிற பெஞ்ச் பிரஸ்ஸில் எடை ஏற வேண்டுமானால் கைக்கொன்றாகப் பிடிக்கிற டம்பெல்லா, இரு கையும் சேர்த்துப் பிடிக்கிற ராடா என்று, ஜிம் தம்பிகளே, உங்களில் என்னைக் கேட்காத ஆளே இல்லை. போனில் கேட்கிறீர்கள். கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகு கேட்கிறீர்கள். வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் ஒரு தம்பி ராட்டினச் சத்தத்தையும் மீறி என் காதுக்குள் கத்திக் கேட்டான். உங்களுக்கு வேண்டியது ஒற்றை வார்த்தையில் பதில். சொன்னால் உடனே வீடியோவாக எடுத்துப் போட்டுவிடுவீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு வாழைத்தார் சுமக்கிற ஒருவனுடைய இடது தோள்தான் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது.

நீங்கள் எனக்கு ‘பதட்டம் மாஸ்டர்’ என்று பேர் வைத்திருப்பது எனக்குத் தெரியும். வைத்துக்கொள்ளுங்கள். ராடில் எடைத் தட்டு நழுவாமல் கிளிப் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன், ஆள் படுத்த பிறகு மறுபடியும் போய்ப் பார்ப்பேன். ஒருவன் கழுத்துக்கு மேலே அவன் உடம்பைவிடக் கனமான இரும்பு நிற்கும்போது பக்கத்தில் ஒருத்தராவது பயந்துகொண்டிருக்க வேண்டும். அந்த வேலையைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தேன், அவ்வளவுதான்.

சின்னமனூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் ஜிம். ஈஸ்வரன் அங்கே வருவதற்கு முன்பே நல்ல பலசாலி. வாழைத்தார் மண்டியில் லோடுமேன். விடிவதற்குள் லாரியில் தார் ஏற்றி முடித்துவிட்டு, கழுத்தில் வாழைக்கறையோடு நேராக ஜிம்முக்கு வருவான். மற்றவர்கள் உடம்பை வார்ம் அப் செய்துகொண்டிருக்கும்போது அவன் ஏற்கெனவே பாதி நாள் வேலையை முடித்திருப்பான்.

அவனுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. மாநில அளவிலான பெஞ்ச் பிரஸ் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வருடத்தோடு அவனுக்கு வயது வரம்பு முடிகிறது. அடுத்த வருடம் அவன் எவ்வளவு தூக்கினாலும் மெடல் கிடைக்கும், வேலை கிடைக்காது. போட்டியும் தேனியிலேயே நடக்கப்போகிறது என்று தெரிந்தபோது எல்லாம் கூடி வருகிறது என்று அவன் நம்பினான். எல்லாம் கூடி வந்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும்.

அவனுக்கு ஒரு சிநேகிதன், மீரான். உத்தமபாளையத்தில் திராட்சை வியாபாரம் செய்கிற குடும்பம். இரண்டு பேரும் ஒரே நாளில் ஜிம்மில் சேர்ந்தவர்கள், ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்கள். ஈஸ்வரன் பெஞ்சில் படுத்தால் தலைமாட்டில் நின்று சப்போர்ட் கொடுப்பவன் மீரான்தான். வேறு யாரையும் அந்த இடத்தில் நிற்க விடமாட்டான்.

நம் ஊர் ஜிம்களில் சப்போர்ட் எப்படி என்று உங்களுக்கே தெரியும். ராடு பாதியில் நின்றால் விரல் கொடுத்து மேலே ஏற்றிவிடுவோம். ஏற்றிக்கொண்டே, “நீதேன் மாப்ள, நீயேதேன்! நான் தொடவே இல்ல!” என்று கத்துவோம். கூட்டாளி கண்ணெதிரே தோற்பதை நம்மால் பார்க்க முடியாது. அது நல்ல மனசுதான். ஆனால் அந்த நல்ல மனசு எத்தனை கிலோ என்று யாரும் கழித்துப் பார்ப்பதில்லை.

ஒரு நாள் ஈஸ்வரன் நூற்றிருபது கிலோ தூக்கினான். ஜிம்மே விசில் அடித்தது. கர்நாடகாவில் ஒருவன் இப்படித் தூக்கிப் பார்த்தேன், கேரளாவில் பார்த்தேன் என்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் இரண்டு விஷயம் உறுத்தியது. எழுந்து உட்கார்ந்த ஈஸ்வரனைவிட அவன் தலைமாட்டில் நின்ற மீரானுக்கு அதிகமாக வேர்த்திருந்தது. இன்னொன்று வாசனை. கூடலூர் தாண்டிக் குமுளியில் விற்கிற மலையாளத் தைல வாசனை. ஈஸ்வரனின் இடது தோளிலிருந்து வந்தது.

“தோள்ல என்னடா?”

“ஒண்ணுமில்ல மாஸ்டர். லேசாப் பிடிப்பு.”

“எம்புட்டு நாளா?”

“லேசாத்தேன் மாஸ்டர்.”

கேட்டதற்குப் பதில் வரவில்லை என்றால் அதுதான் பதில். மறுநாள் அவனை ராடுப் பக்கமே போகவிடவில்லை. எங்களிடம் இருந்ததிலேயே கனமான டம்பெல் ஜோடியை எடுத்து, முட்டியில் வைத்துப் படுக்கச் சொன்னேன். வலது கை மேலே போனது. இடது கை பாதியில் நின்று ஆடியது, வெளிப்பக்கமாகச் சாய்ந்தது, டம்பெல் தரையில் விழுந்த சத்தத்தில் கீழே இருந்த காயில் கடைக்காரர் மேலே ஓடி வந்துவிட்டார். மீரான் பதறிக் கையை நீட்டினான். ஆனால் டம்பெல்லில் அவன் எந்தக் கையைப் பிடிப்பான்? அங்கே அவன் விரலுக்கு இடமே இல்லை.

அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. மண்டியில் தார் சுமக்கிறவர்கள் எல்லாரும் வலது தோளில்தான் வாங்குவார்கள். லாரியின் மேலே நிற்கிறவன் கை நீட்டி வாங்கிக்கொள்வதும் வலது பக்கம் பார்த்துத்தான். வரிசை முழுவதும் ஒரே பக்கம் நகரும். பல வருடமாக ஈஸ்வரனின் வலது பக்கம் வேலை செய்தது, இடது கை சும்மா வீசி நடந்தது. பெஞ்சில் படுத்தால் வலது கை முந்திக்கொண்டு ராடை ஏற்றும், இடது பக்கம் தாழும், மீரானின் விரல் தாழ்ந்த பக்கத்தைத் தூக்கிச் சமமாக்கிவிடும். பார்க்கிற நமக்கு ராடு நேராகப் போகிற மாதிரி இருக்கும். தாங்க முடியாத தோள் மட்டும் உள்ளுக்குள்ளே அறுந்துகொண்டிருக்கும்.

போட்டிக்கு அதிக நாள் இல்லை. கனமான ராடை நிறுத்து, டம்பெல்லில் இடது கையை முதலில் தேற்று, இடது கை எத்தனை தடவை தூக்குகிறதோ அத்தனைதான் வலது கையும் என்று நான் சொன்னதும் ஈஸ்வரனுக்கு முகம் செத்துவிட்டது.

“மாஸ்டர், டம்பெல்லு நெஞ்சு அழகுக்குப் போடுறது. மேடையில ராடுதேன குடுப்பாக?”

அவன் கேட்டதில் தப்பில்லை. எனக்கே சந்தேகம்தான். தேனியில் இருந்த ஒரு மூத்த கோச்சுக்குப் போன் போட்டேன். எத்தனையோ பேரை மேடை ஏற்றியவர், பேர் வேண்டாம், விளம்பரம் பிடிக்காத மனிதர். கேட்டதுமே திட்டினார். “ஏப்பா, ராடு தூக்கப் போறவன ராடுலதேன் பழக்கணும். டம்பெல்லு ரெண்டு கையையும் கூட்டிப் பாத்தாலும் ராடு எடைக்கு வராது. அந்தக் கனம் கைக்கு மறந்து போச்சுன்னா மேடையில ராட எடுத்ததும் பயந்துருவான். நீ அவன் சோத்துல மண்ணள்ளிப் போடுற.”

போனை வைத்த பிறகு வெகுநேரம் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னது முழுக்க உண்மை. நான் நினைத்ததும் உண்மை. இரண்டு உண்மைக்கும் நடுவில் ஒரு மனிதனுடைய வேலை மாட்டிக்கொண்டு நின்றது. தம்பிகளே, நம் தொழிலில் பொய்யான யோசனையைக் கண்டுபிடிப்பது சுலபம். சரியான இரண்டு யோசனை எதிரெதிராக வந்து நிற்கும்போதுதான் திண்டாட்டம்.

கடைசியில் தோள் பக்கமே சாய்ந்தேன். கனம் எல்லாம் டம்பெல்லில். ராடை விட்டுவிடவில்லை. லேசான எடை போட்டு, நெஞ்சில் நிறுத்தி, நான் “பிரஸ்” என்று சொன்ன பிறகே மேலே ஏற்ற வேண்டும், மேடையில் நடப்பது போலவே. பெஞ்சின் இரண்டு பக்கமும் ராடைத் தாங்கிக்கொள்ள இரும்புத் தாங்கல் மாட்டினேன். மீரானைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“தலைமாட்டுல நில்லு. ஆனா கையப் பின்னால கட்டிக்க.”

“அவன் மாட்டிக்கிட்டா?”

“தாங்கல் இருக்கு. நானும் பக்கத்துல இருக்கேன்.”

“மாஸ்டர், அதுக்கு என்னைய வெளிய அனுப்பிருங்க. பாத்துக்கிட்டுச் சும்மா நிக்க என்னால ஆகாது.”

“மேடைக்கு முன்னாடி ஒக்காந்து அன்னைக்கும் பாக்கத்தான் போற. இப்பவே பழகிக்க.”

நின்றான். ராடு மெதுவானால் அவனுடைய தோள்பட்டை துள்ளும். பின்னால் கோர்த்த விரல்கள் ஒன்றையொன்று நெரிக்கும். ஈஸ்வரனைவிட அவனைப் பழக்குவது எனக்குப் பெரும்பாடாக இருந்தது. விரல் விஷயத்தை ஈஸ்வரனிடம் நான் சொல்லவில்லை. நூற்றிருபது என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் அவன் தினமும் படியேறி வந்தான். அதையும் பிடுங்கிவிட்டால் எதைப் பிடித்துக்கொண்டு வருவான் என்று எனக்குப் பயம்.

மண்டியில் தோள் மாற்றிச் சுமந்து பார்க்கச் சொன்னேன். ஒரே நாள்தான் முயன்றான். எல்லாரும் வலது பக்கம் வாங்கித் திரும்புகிற வரிசையில் ஒருத்தன் மட்டும் இடது பக்கம் திரும்பினால் என்ன ஆகும்? பின்னால் வந்தவர் மேல் மோதி, தார் தரையில் விழுந்து காய் சிதறி, மண்டியில் ஏச்சு வாங்கினான். மண்டியை என்னால் மாற்ற முடியாது என்று அன்றோடு விட்டுவிட்டேன். ஜிம்மில்தான் சரிக்கட்ட வேண்டும்.

சில வாரம் கழித்து, பார்ப்போமே என்று ராடில் கனம் ஏற்றினேன். மீரான் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நூற்றைந்தில் ராடு பாதியில் நின்று தாங்கலில் இறங்கிவிட்டது.  ஈஸ்வரன் எழுந்து உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

“நூத்திருவது தூக்குனவன் மாஸ்டர் நான்,” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குச்சனூர் கோயிலுக்குப் போகிற சாக்கில் மண்டி வழியாக வண்டியை விட்டுப் பார்த்தேன். வரிசையில் தார் சுமந்துகொண்டிருந்தான். கூப்பிடத் தைரியம் வரவில்லை, வந்த வழியே திரும்பிவிட்டேன். வேறு ஜிம்முக்குப் போய், யாராவது விரல் கொடுத்துக் கனம் ஏற்றிவிட்டால் அந்தத் தோள் என்ன ஆகும் என்று என் புத்தி அதையே சுற்றிச் சுற்றி வந்தது.

அவன் வரவில்லை, அவன் மனைவி செல்விதான் வந்தாள். ஜிம் படியேறுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. வாசலிலேயே நின்றுகொண்டாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

“மாஸ்டர், அவுக மெடலு வாங்குவாகளா மாட்டாகளான்னு எனக்குத் தெரியாது. அவுக கை போச்சுன்னா எங்களுக்கு வேற கை இல்ல. அதக் கேக்கத்தேன் வந்தேன்.”

“கையக் காப்பாத்தத்தான் ஆத்தா கனத்தக் கொறச்சேன். அதுக்குத்தான் அவன் கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கான்.”

“அது எனக்கும் தெரியுது. மின்னயெல்லாம் எடது பக்கம் திரும்பிப் படுக்கவே மாட்டாக. தூக்கத்துல திரும்பிட்டா முனங்கி எந்திரிச்சு ஒக்காந்துக்குவாக. தைலம் தேச்சே என் கை எரிஞ்சு போச்சு. இப்பக் கொஞ்ச நாளா எடது பக்கமே படுத்து நல்லாத் தூங்குறாக. அவுகளுக்கே அது தெரியல.”

அதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. எந்த டம்பெல்லும் ராடும் காட்டாத கணக்கை அந்தப் பெண் படுக்கையில் பார்த்திருந்தாள். தோள் ஆறிவிட்டது. இனி ராடுக்குத் திரும்பலாம். தேனி கோச் சொன்ன கனத்தைக் கைக்கு மறுபடியும் ஞாபகப்படுத்த வேண்டியதுதான் பாக்கி, அதற்கும் நாள் மிச்சம் இருந்தது.

“இத அவன்கிட்டயே சொல்லு ஆத்தா,” என்றேன். சொல்லியிருப்பாள் போல. மறுநாள் வாழைக்கறையோடு வந்து, நேராகப் பெஞ்சில் படுத்தான்.

ராடு ஏறத் தொடங்கியது. மெதுவாகத்தான் ஏறியது. ஆனால் சாயவில்லை. மீரான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, போட்டிக்கு முன்னால் நூற்றுப்பத்து சுத்தமாக மேலே போனது. அவன் மனதில் இருந்த எண்ணுக்கு அது இன்னும் பத்துக் குறைவு. 

போட்டி தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில். மாப்பிள்ளை மேடையில் பெஞ்சைப் போட்டிருந்தார்கள். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. முதல் வாய்ப்பை நூற்றைந்தில் வைத்தேன், தூக்கினான். இரண்டாவது நூற்றுப் பன்னிரண்டரை. அதையும் தூக்கினான், தூக்கியது செல்லும் என்று நடுவர்கள் போடுகிற வெள்ளை விளக்கு மூன்றும் எரிந்தன. அதற்குள் மற்றவர்கள் எல்லாரும் முடித்துவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் இருந்தவன் நூற்றுப் பதினைந்து. அவனைத் தாண்ட ஈஸ்வரனுக்கு நூற்றுப் பதினேழரை வேண்டும்.

அடுத்த எடையை எழுதிக்கொடுக்க ஒரே நிமிடம்தான் தருவார்கள். சீட்டு என் கையில் இருந்தது. இவன் வாழ்நாளில் நிஜமாகத் தூக்கிய அதிகபட்சம் இப்போது தூக்கியதுதான். அதற்கு மேலே ஐந்து கிலோ என்பது விளையாட்டில்லை. ஆறின தோள் மறுபடியும் பிய்ந்தால், மெடலும் இல்லை, மண்டியும் இல்லை. எழுதாமல் விட்டால் தோள் பத்திரம், வேலை போச்சு.

“போடுங்க மாஸ்டர்,” என்றான் ஈஸ்வரன். “நூத்திருவதே தூக்குனவன்தேன?”

பக்கத்தில் நின்ற மீரானின் முகம் வெளுத்துவிட்டது. நான் தடுப்பதற்குள் வாயைத் திறந்துவிட்டான்.

“மாப்ள, அன்னைக்கு நீ மட்டும் தூக்கல. நானும் சேந்துதேன் தூக்குனேன். என் விரலு உள்ள இருந்துச்சுடா.”

மேடையேற வேண்டிய நேரத்தில் இதையா சொல்வது! எனக்கு உயிரே போய்விட்டது. 

“தெரியும்டா,” என்றான் ஈஸ்வரன். “நீ மூச்சுப் பிடிச்சு விட்டது அம்புட்டும் என் நெத்தியில அடிச்சுச்சு. தொடாதவனுக்கு எதுக்குலே அப்பிடி மூச்சு வாங்குது? எனக்குத்தேன் அந்த நூத்திருவத விட மனசு வரல.”

பிறகு என் பக்கம் திரும்பினான். “இப்பச் சொல்லுங்க மாஸ்டர். விரலு இல்லாம இப்ப எம்புட்டு நம்மது?”

சொல்லிக்கொண்டே முகத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்தான். துண்டு இடது கையில் இருந்தது. கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பின்கழுத்து வரை துடைத்துக்கொண்டான், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. இரண்டாவது வாய்ப்பில் ராடு எப்படிப் போனது என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். நேராகப் போனது. யாருடைய விரலும் இல்லாமல் நேராகப் போனது. நூற்றுப் பதினேழரை என்று எழுதி மேசையில் வைத்தேன்.

அவன் படுத்தான். ராடு நெஞ்சில் இறங்கி நின்றது. நடுவர் “பிரஸ்” என்றார். கிளம்பிய ராடு பாதியில் மெதுவாகி, நின்றே போனது. மேடையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்பார்கள், ஆனால் ஒரு விரல் பட்டாலும் வாய்ப்பு செல்லாது. என் கண் இடது பக்கத்தை விட்டு நகரவில்லை. அது தாழ்ந்தால் “பிடிங்க” என்று கத்திவிடத் தயாராக இருந்தேன். தாழவில்லை. நின்ற இடத்திலேயே இரண்டு பக்கமும் சமமாக நடுங்கின. அப்புறம் இரண்டும் சேர்ந்தே மேலே போயின.

மூன்று நடுவர்களில் இரண்டு பேர் வெள்ளை, ஒருவர் சிவப்பு. மூன்றாவது இடத்துக்கு அது போதும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ராடு இல்லாமல் அவன் அந்த எடையைத் தூக்கியிருக்க மாட்டான். டம்பெல் இல்லாமல் அந்த நாள் வரை அவன் தோள் வந்து சேர்ந்திருக்காது. எது எப்போது என்பதை ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அவன் எந்தப் பக்கம் சுமக்கிறான், எந்தப் பக்கம் படுக்கிறான், அவன் தலைமாட்டில் நிற்கிறவனுக்கு ஏன் வேர்க்கிறது என்று பாருங்கள். பயந்துகொண்டே பாருங்கள். வீடியோவுக்கு இது நீளம் என்றால் போடாதீர்கள்.

மேடையை விட்டு இறங்கி வந்த ஈஸ்வரன் நேராக மீரானிடம் போனான். முன்வரிசையில் மீரான் இன்னும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றான். கண்ணில் தண்ணீர் வழிகிறது, துடைக்கவும் கையை எடுக்கவில்லை.

“ஏலே, கைய எடுடா. முடிஞ்சிருச்சு,” என்று சொல்லி, ஈஸ்வரன்தான் அவன் விரல்களைப் பிரித்துவிட்டான்.

என் போன் அடித்தது. செல்வி. எத்தனையாவது இடம் என்று அவள் கேட்கவில்லை.

“மாஸ்டர், கை?”

 போனை ஈஸ்வரனிடம் நீட்டினேன். வாங்கிக் காதில் வைத்தான். அந்தப் பக்கம் அவள் மறுபடியும் அதையேதான் கேட்டிருக்க வேண்டும்.

“எடது கையிலதேன் போனப் பிடிச்சிருக்கேன் செல்வி,” என்றான்.